பங்கே இல்லாத பங்காளி

வழக்கமா மல்லாட்டை, மாடு, மழைன்னு எழுதிக்கிட்டு இருக்கிறவன், இன்னிக்கு உங்க வீட்டு வாசலுக்கு வர்ற பைக்கைப் பத்தி எழுதப் போறேன். விவசாயிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கலாம். சம்பந்தம் இருக்கு. அந்த பைக்கை ஓட்டிக்கிட்டு வர்றதுல நிறையப் பேர் எங்க பக்கத்துப் பசங்க. மேல்மலையனூர், வளத்தி, அவலூர்பேட்டை, செஞ்சின்னு எந்தப் பக்கம் போனாலும் "பையன் என்ன பண்றான்?"னு கேட்டா "மெட்ராஸ்ல டெலிவரி ஓட்டுறான்"னு பதில் வருது. பத்து வருஷத்துக்கு முன்னாடி "கம்பெனி வேலைக்குப் போறான்"னு சொன்ன அதே வீடுகள்தான் இவை.

முதல்ல ஒரு வார்த்தையைப் பத்திப் பேசணும். இந்தப் பசங்களைக் கம்பெனிங்க "தொழிலாளி"ன்னு சொல்றது இல்ல. "டெலிவரி பார்ட்னர்"னு சொல்றாங்க. பார்ட்னர்னா பங்காளி, கூட்டாளி. இந்த வார்த்தையைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஏன்னா, பங்குன்னா என்னன்னு விவசாயிக்குத் தெரியும்.

எங்க ஊர்ல வாரத்துக்கு விடறதுன்னு ஒரு முறை இருக்கு. நிலம் ஒருத்தருது, உழைப்பு இன்னொருத்தருது. விதை யாரு, உரம் யாரு, உழவுக் கூலி யாருன்னு முன்னாடியே பேசிக்குவாங்க. அறுப்பு அன்னிக்கு ரெண்டு பேரும் களத்துல நிப்பாங்க. ரெண்டு பேர் கண்ணு முன்னாடியும் மூட்டை பிரியும். மழை பொய்ச்சுப் போச்சுன்னா நிலத்துக்காரருக்கும் ஒண்ணும் இல்ல, வாரக்காரருக்கும் ஒண்ணும் இல்ல. இந்த முறையிலயும் அநியாயம் நிறைய நடந்திருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா லாபத்துலயும் நஷ்டத்துலயும் பங்கு இருந்துச்சு. அதனாலதான் அதுக்குப் பேரு பங்கு.

இப்போ டெலிவரி பார்ட்னரைப் பாருங்க. பைக் அவனுது. பெட்ரோல் அவனுது. போன், டேட்டா, மழைக்கோட்டு, பஞ்சர், போலீஸ் ஃபைன் எல்லாம் அவனுது. ஒரு ஆர்டருக்கு எவ்வளவுன்னு நிர்ணயம் பண்றது மட்டும் கம்பெனி. அதை எப்போ குறைக்கிறதுன்னு முடிவு பண்றதும் கம்பெனி. 2020 ஆகஸ்ட்ல, கொரோனா ஊரடங்கு நேரத்துல, சென்னையில ஸ்விக்கி டெலிவரி தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் பண்ணது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஒரு ஆர்டருக்கு 35 ரூபாய் கிடைச்சது 15 ரூபாயா இறங்கிடுச்சுன்னு அவங்க சொன்னதா அப்போ செய்திகள்ல வந்துச்சு. நீங்க எல்லாரும் வீட்டுக்குள்ள இருந்தப்போ வெளியில அலைஞ்சவங்க அவங்கதான். எங்கயாவது பங்காளி கிட்ட ஒரு வார்த்தை கேக்காம பங்கைக் குறைப்பாங்களா? கூலியாளுக்குத்தான் அப்படி நடக்கும். ஆக, கூலியைக் குறைக்கும்போது அவன் கூலியாள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கேக்கும்போது மட்டும் அவன் பங்காளி.

சரி, கணக்குக்கு வருவோம். பக்கத்துக் கிராமத்துப் பையன் ஒருத்தன் ஊருக்கு வந்திருந்தப்போ உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எந்தக் கம்பெனின்னு சொல்லல, அது முக்கியமும் இல்ல. காலை 11 மணியிலிருந்து ராத்திரி 11 மணி வரைக்கும், 12 மணி நேரம். நல்ல நாள்ல 950 ரூபாய் வருது. நூறு கிலோமீட்டருக்கு மேல ஓட்டம், பெட்ரோலுக்கு 250 போயிடுது. ஆயில், டயர், பிரேக்குன்னு நாளைக்கு 50 ரூபாயாவது ஒதுக்கணும். பைக் தவணை மாசம் 3,400, மாசத்துக்கு 26 நாள் ஓட்டினா நாளைக்கு 130. போன் ரீசார்ஜ் 15. மிச்சம் 505 ரூபாய். மணிக்கு 42 ரூபாய். இதுலதான் ரூம் வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்புறது எல்லாம்.

எங்க ஊர்ல மருந்தடிக்க, வரப்பு வெட்ட ஆம்பளை ஆளுக்கு 600 ரூபாய் கொடுக்கிறோம். காலையில 8 மணிக்கு வந்தா மத்தியானம் 2 மணிக்குக் கரையேறிடுவாங்க. நடுவுல டீ உண்டு. மணிக்கு 100 ரூபாய் ஆகுது. (பொம்பளைங்களுக்குக் கூலி இதைவிடக் குறைச்சல். அது தனியா போட வேண்டிய சண்டை, இன்னொரு நாள் எழுதறேன்.)

"அப்புறம் ஏன் எல்லாரும் கிராமத்தை விட்டுட்டு இங்க ஓடி வர்றாங்க? யாராவது கையைப் பிடிச்சு இழுத்தாங்களா?" இந்தக் கேள்வியைச் சென்னையில இருக்கிற சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா தவறாம கேக்குறாங்க. நியாயமான கேள்விதான், பதில் சொல்லிடறேன்.

மொத காரணம், எங்களுது ஏரியையும் கிணத்தையும் மானத்தையும் நம்பின பூமி. வருஷம் முழுக்க வேலை கிடையாது. நடவு, களை, அறுப்புன்னு சேர்த்தா ஒரு ஆளுக்கு வருஷத்துல பாதி நாள் வேலை கிடைச்சாலே பெருசு. 600 ரூபாய் கூலி நல்ல கூலிதான். ஆனா கூலி கொடுக்க ஆள் இருக்கணும்ல?

ரெண்டாவது காரணத்தை நாங்க வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். ஊர்ல எவன் நிலத்துல வேலைக்குப் போனாலும் "நீ யாரு வீட்டுப் பையன், எந்தத் தெரு?"ங்கிற கேள்வி வந்துடும். பி.ஏ. படிச்சிருந்தாலும் டீக்கடையில எங்க நிக்கணும்னு யாரோ ஒருத்தர் முடிவு பண்ணுவாங்க. சென்னையில போனை ஆன் பண்ணா ஆர்டர் வரும், அது தெருப் பேரைக் கேக்காது. அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டா அவன் எந்தத் தெருன்னு யாருக்கும் தெரியாது. இது சின்ன விஷயம் இல்ல. கிராமத்தைச் சொர்க்கம்னு எழுதற ஆள் நான் இல்லைன்னு இங்க தொடர்ந்து வர்றவங்களுக்குத் தெரியும். பசங்க ஏன் போறாங்கன்னு எனக்குப் புரியுது. மரியாதையைத் தேடிப் போனவனை அங்க எப்படி நடத்துறாங்கங்கிறதுதான் என் கேள்வி.

"சுதந்திரமான வேலை, மேலதிகாரி கிடையாது, இஷ்டப்பட்ட நேரத்துல ஓட்டலாம்"னு விளம்பரம் பண்றாங்க. நடைமுறை என்ன? சாப்பாட்டு நேரத்துல ஓட்டலைன்னா ஊக்கத்தொகை கிடையாது. சனி ஞாயிறு லீவு போட்டா கிடையாது. வந்த ஆர்டரை வேண்டாம்னா அதுக்கும் வெட்டு. தீபாவளி, பொங்கல், புது வருஷம்னா அன்னிக்குத்தான் பெரிய டார்கெட். எங்க ஊர் அங்காளம்மன் இந்தப் பக்கத்துல எத்தனையோ குடும்பங்களுக்குக் குலதெய்வம், உங்கள்ல சில பேருக்கும் இருக்கும். அமாவாசை ராத்திரி ஊஞ்சல் உற்சவத்துக்கு எங்கெங்கிருந்தோ ஜனம் வந்து குவியும். அந்த ஒரு ராத்திரிக்கு வர்றதுக்கு, பத்து கிலோமீட்டர்ல பொறந்த பையன் அந்த வாரத்து ஊக்கத்தொகையை விட்டுட்டுத்தான் வரணும். இதுக்குப் பேரு சுதந்திரமா?

மேலதிகாரி இல்லைங்கறதும் பொய். கரும்பு வெட்டுக்குப் போற ஆளுங்களுக்கு ஒரு மேஸ்திரி இருப்பார். நல்லவரோ கெட்டவரோ, அவருக்கு ஒரு முகம் இருக்கு, ஒரு வீடு இருக்கு. கணக்கு இடிச்சா அவர் வீட்டுத் திண்ணையில போய் உட்கார்ந்து கேக்கலாம், சத்தம் போடலாம், நாலு பேரைக் கூட்டிட்டு வரலாம். செல்போனுக்குள்ள இருக்கிற மேஸ்திரி வீடு எங்க இருக்கு? ஒரு வாடிக்கையாளர் கோவத்துல ஒத்தை ஸ்டார் போட்டா, அடுத்த நாள் காலையில ஐ.டி. பிளாக் ஆகியிருக்கும். யார் பண்ணாங்க, எதுக்குப் பண்ணாங்கன்னு தெரியாது. கேட்டா மெஷின் பதில் சொல்லும்.

நான் மல்லாட்டையைச் செஞ்சி கமிட்டியில கொண்டு போய்ப் போடறேன். அங்கயும் குறை நிறைய இருக்கு, எழுதியும் இருக்கேன். ஆனா எடை போடறதை நான் பார்க்கலாம். என்ன விலைக்குப் போச்சுன்னு சீட்டு கொடுப்பாங்க. விலை கட்டலைன்னா மூட்டையைத் திருப்பி வண்டியில ஏத்திக்கலாம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடம்னு ஒண்ணு வந்ததே, வியாபாரி துணிக்குள்ள கையை விட்டு விலை பேசறது போகணும்னுதான். இன்னிக்கு அந்தத் துணியை செல்போனுக்குள்ள போர்த்தியிருக்காங்க. ஒரே தூரம், ஒரே மழை. நேத்து 42 ரூபாய், இன்னிக்கு 31 ரூபாய். ஏன்னு ஓட்டுறவனுக்குத் தெரியாது.

விபத்துக்கு வருவோம். எனக்குத் தெரிஞ்ச இன்னொரு பையன், ஐப்பசி மழையில ஒரு மேம்பாலத்து இறக்கத்துல வழுக்கி விழுந்தான். கால் எலும்பு ரெண்டு இடத்துல முறிவு. சாப்பாட்டைக் கொடுத்துட்டுத் திரும்பி வர்ற வழி. விபத்து நடந்த நேரத்துல கையில ஆர்டர் எதுவும் இல்லைன்னு காரணம் சொல்லி இன்சூரன்ஸ் பணத்தை மறுத்துட்டாங்க. அரசோட "நம்மைக் காக்கும் 48" திட்டம் இருந்ததால முதல் ரெண்டு நாள் செலவு தப்பிச்சுது. அதுக்கு மேல ஆன செலவுக்கு அவங்க அம்மா கறவை மாடு ரெண்டையும் வித்தாங்க. வீட்டுக்குத் தினம் வந்துக்கிட்டிருந்த பால் பணமும் நின்னு போச்சு. கணக்குப் பாருங்க. சாப்பாட்டை வித்த லாபம் கம்பெனிக்கு. கால் முறிஞ்ச செலவு பாதி உங்க வரிப்பணத்துக்கு, பாதி ஒரு கிழவியோட மாட்டுக்கு.

இதுல ஒரு விஷயம் சொல்றேன், பலருக்குத் தெரியாது. 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், வேலையில அடிபட்டா முதலாளி நஷ்டஈடு கொடுக்கணும்னு சொல்லுச்சு. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அந்தச் சட்டத்தோட அட்டவணையில டிராக்டர் மாதிரி இயந்திரம் வெச்சு விவசாயம் செய்ற இடத்து ஆளும் வந்தாங்க. அதாவது, என் டிராக்டர்ல ஒரு ஆள் அடிபட்டா நாலு ஏக்கர்க்காரன் நான் பொறுப்பு. சரியான சட்டம்தான், எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா நாடு முழுக்கக் கிளை வெச்சு, பங்குச் சந்தையில பங்கு வித்த கம்பெனிக்கு அந்தப் பொறுப்பு கிடையாதாம். ஏன்னா அவன் தொழிலாளி இல்ல, பார்ட்னர்! அந்த ஒத்தை வார்த்தைக்கு எவ்வளவு விலைன்னு இப்போ புரியுதா?

சட்டமே இல்லையான்னா, கொஞ்சம் கொஞ்சமா வருது. 2023-ல ராஜஸ்தான் இவங்களுக்குன்னு தனிச் சட்டம் போட்டுச்சு, நாட்டுலயே முதல் சட்டம் அதுதான். அதே வருஷம் சுதந்திர தின உரையில முதல்வர் ஸ்டாலின் தமிழ்நாட்டுல தனி நலவாரியம் அமைக்கப்படும்னு அறிவிச்சார், வாரியமும் வந்துச்சு. 2025-ல கர்நாடகா சட்டம் போட்டுச்சு. தொழிலாளிக்குக் கொடுக்கிற தொகையில 1 முதல் 5 சதவீதம் வரைக்கும் கம்பெனிகிட்ட நலநிதியா வசூலிக்க அதுல வழி இருக்கு. மத்திய அரசோட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-லயே நிறைவேறி, 2025 நவம்பர் 21-ல தான் அமலுக்கு வந்துச்சு. கம்பெனிகள் ஆண்டு வருமானத்துல 1 முதல் 2 சதவீதம் நிதிக்குக் கொடுக்கணும்னு அது சொல்லுது. சென்னையில அண்ணா நகர்ல மாநகராட்சி ஏ.சி. போட்ட ஓய்வறையும் கட்டிக் கொடுத்துச்சு. எல்லாம் நல்ல விஷயம். குறை சொல்லல.

ஆனா ஒண்ணைக் கவனிங்க. இந்தச் சட்டத் தொகுப்பே கிக் தொழிலாளியை "வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே" இருக்கிறவர்னுதான் சொல்லுது. அதனால குறைஞ்சபட்சக் கூலி அவனுக்கு இல்ல, வேலை நேர வரம்பு இல்ல. விழுந்தா உதவித்தொகை, செத்தா குடும்பத்துக்கு நிதி. இதெல்லாம் வேணும்தான். ஆனா உயிரோட நல்லா இருக்கிறவன் கேக்கிற கூலிக்கு என்ன பதில்? எங்க ஊர்ல பழைய பண்ணைக்காரங்க பொங்கலுக்கு வேட்டி துண்டு கொடுப்பாங்க, கல்யாணத்துக்கு நெல்லு கொடுப்பாங்க. கூலியில கால்படி கூட்டிக் கேட்டா மட்டும் கண்ணு சிவக்கும். இனாம் வேற, கூலி வேற. நீங்க மனசு இரங்கிக் கொடுக்கிற டிப்ஸுக்கும் இதேதான். கொடுங்க, நல்லது. ஆனா டிப்ஸ் கூலி ஆகாது.

இங்கிலாந்துல 2021 பிப்ரவரி 19-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஊபர் வழக்குல ஒரு தீர்ப்பு சொல்லுச்சு. ஓட்டுநர்கள் தனித் தொழில் செய்றவங்க இல்ல, அவங்க தொழிலாளிங்க, குறைஞ்சபட்சக் கூலியும் சம்பளத்தோட விடுமுறையும் உண்டுன்னு சொன்னாங்க. ஆப்பை ஆன் பண்ணி, தன் பகுதியில சவாரிக்குத் தயாரா காத்திருக்கிற நேரமும் வேலை நேரம்தான்னு சொன்னாங்க. இதைப் படிச்சப்போ எனக்கு எங்க மோட்டார் கொட்டகைதான் ஞாபகம் வந்துச்சு. மும்முனை கரண்ட் எப்போ வரும்னு தெரியாம, தண்ணி பாய்ச்ச வந்த ஆள் மூணு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். கரண்ட் வரலைன்னு கூலி கொடுக்காம அனுப்பினா ஊர் சிரிக்கும். இந்தச் சின்ன நியாயம் எங்க கொட்டகையில இருக்கு. பிரியாணிக் கடை வாசல்ல பையோட நிக்கிற பையனுக்கு இல்ல.

நூறு நாள் வேலைக்கான 2005-ம் வருஷத்துச் சட்டத்துல வேலை நடக்கிற இடத்துல குடிதண்ணி, நிழல், முதலுதவிப் பெட்டி இருக்கணும்னு எழுதியிருந்தாங்க. 2021-ல தமிழ்நாடு சட்டம் போட்டு, கடையில வேலை செய்றவங்க உட்காரறதுக்கு நாற்காலி கொடுக்கணும்னு சொல்லுச்சு. ஏரி தூர் வார்ற கிழவிக்கு நிழல் உண்டு, துணிக்கடைப் பொண்ணுக்கு நாற்காலி உண்டு. அக்னி நட்சத்திரத்துல தார் ரோட்டுல நிக்கிறவனுக்கு ஓய்வறை ஒண்ணு ரெண்டு போதும்னு விட்டுட முடியாது. கழிப்பறைக்குக்கூட அவன் பெட்ரோல் பங்க்கைத் தேடிப் போக வேண்டியிருக்கு.

"எல்லாம் கொடுத்தா விலை ஏறிடும்"னு சொல்வாங்க. ஏறட்டுமே. ஒரு ஆர்டருக்குப் பத்து ரூபாய் ஏறினா எந்த வீடும் முழுகாது. பத்து நிமிஷத்துல கொத்தமல்லிக் கட்டு வரலைன்னா எந்தக் குழம்பும் கெட்டுப் போகாது. அந்தக் கொத்தமல்லி முளைச்சுக் கட்டாக நாப்பது நாள் ஆகுதுங்க. நாப்பது நாள் மண்ணுல காத்திருந்தது, அரை மணி நேரம் பையில காத்திருக்காதா? 2025 டிசம்பர் 25-லயும் 31-லயும் நாடு முழுக்க டெலிவரி தொழிலாளர் சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவிச்சு, பத்து நிமிஷ டெலிவரி வேண்டாம்னு கேட்டாங்க. அடுத்த மாசமே மத்திய தொழிலாளர் அமைச்சர் கம்பெனிகளைக் கூப்பிட்டுப் பேசினதும், பத்து நிமிஷங்கிற விளம்பரம் இறங்குச்சு. கேட்டா நடக்கும்கிறதுக்கு இதுவே சாட்சி. விளம்பரம் இறங்கின மாதிரி கூலியும் ஏறணும், அதுதான் பாக்கி.

கேக்கறதுக்குச் சென்னையைவிட நல்ல ஊர் இல்ல. 1918-ல பி அண்ட் சி மில் தொழிலாளர்களுக்காக, வாடியாவும் திரு.வி.க.வும் முன்னாடி நின்ன சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவான ஊர். 1923 மே 1-ம் தேதி சிங்காரவேலர் கடற்கரையில கூட்டம் போட்டு நாட்டுலயே முதல் தடவையா மே தினம் கொண்டாடின ஊர். எட்டு மணி நேர வேலைன்னு அன்னிக்குப் பேசின அதே கடற்கரை ரோட்டுல, இன்னிக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டின பையன் அடுத்த ஆர்டருக்காக பைக் மேலயே சாய்ஞ்சு கிடக்கான். நூறு வருஷத்துல நாம முன்னாடிதான் போனோமா?

என் பக்கத்துக் கோரிக்கை ரொம்பப் பெருசு இல்ல. ஆப் ஆன்ல இருக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும், காத்திருக்கிறதையும் சேர்த்து, அரசு நிர்ணயிச்ச ஒரு குறைஞ்சபட்சக் கூலி வேணும். பெட்ரோல் அதுல சேராது, தனி. விலையைக் குறைக்கிறதா இருந்தா முன்கூட்டியே சொல்லணும், கணக்கு எப்படின்னு தமிழ்ல எழுதிக் கொடுக்கணும். மனுஷன் ஒருத்தர் விசாரிக்காம ஐ.டி.யைப் பிளாக் பண்ணக் கூடாது. வண்டியை எடுத்ததுலேர்ந்து வீடு திரும்பற வரைக்கும் நடக்கிற விபத்துக்குக் கம்பெனி பொறுப்பு. நம்ம நலவாரியத்துக்குக் கம்பெனி காசு வந்தாகணும், அரசு காசு மட்டும் போதாது.

நீங்க என்ன செய்யலாம்னு கேட்டா, முதல்ல லிஃப்டைத் திறந்து விடுங்க. பல அடுக்குமாடிகள்ல "டெலிவரி ஆட்கள் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது"ன்னு போர்டு மாட்டியிருக்காங்க. அதைச் சங்கக் கூட்டத்துல பேசி எடுக்க வைங்க. எந்தத் தெருன்னு கேக்கிற ஊரை விட்டு ஓடி வந்தவனுக்கு, எந்தப் படிக்கட்டுன்னு சொல்ற ஊரு எந்த விதத்துல ஒசத்தி? கீழ ஒரு குடம் தண்ணியும் ஒரு கழிப்பறையும் அவங்களுக்குன்னு விடுங்க. தாமதத்துக்கு ஒத்தை ஸ்டார் போடறதுக்கு முன்னாடி வெளியில மழை பெய்யுதான்னு எட்டிப் பாருங்க. அவங்க வேலைநிறுத்தம் பண்ற நாள்ல ஆர்டர் போடாதீங்க, அன்னிக்கு ஒரு நாள் உப்புமா சாப்பிட்டா ஒண்ணும் ஆயிடாது. ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட மெட்ரோ எப்போ வரும்னு கேக்கிறதோட, இதையும் சேர்த்துக் கேளுங்க. எங்க ஊர்ல கேட்டா அவங்களுக்கு இது புரியாது. உங்க தெருவுல கேட்டாத்தான் காதுல விழும்.

அடுத்த பதிவுல மல்லாட்டை விதைப் பருப்பு இந்த வருஷம் என்ன விலைக்குப் போகுதுன்னு எழுதறேன். இதைப் படிச்சுட்டு யாராவது ஒரு அடுக்குமாடியில அந்த போர்டைக் கழட்டினா, ஒரு வரி எழுதிப் போடுங்க. ஊர்ல சொல்லிக்கிறேன்.